தோற்ற சீசனைப் பிரித்துப் பார்ப்பது: டெல்டா கல்லூரி ஃபுட்பால் அணிகளுக்கு

ஒரு கல்லூரி ஃபுட்பால் டீம் சீசன் முழுக்கத் தோற்றால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. கோலி (கோல்கீப்பர்) சரியில்லை, ஃபார்வர்டுக்குப் பந்தே வரவில்லை, ரெஃப்ரி ஒரு சார்பு, பசங்களுக்கு வெறி இல்லை. மேட்ச் முடிந்த மாலையில் இதில் எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக விழுந்த கோல்தான் எல்லோர் கண்ணிலும் நிற்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து அணிகள் தோற்கிற விதத்தை நிதானமாகப் பார்த்தால், பையன்களின் திறமைக் குறைவை விட மழையும் மண்ணும் நாள்காட்டியும் கார்னரும்தான் அதிக கோல் வாங்கிக் கொடுக்கின்றன. நான்கையும் சமாளிக்கலாம். பெரிய செலவும் இல்லை.

முதல் வேலை ஒரு நோட்டு. வாங்குகிற ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: எத்தனையாவது நிமிஷம், பந்து நம்மிடமிருந்து எந்த இடத்தில் பறிபோனது, கோல் கார்னரில் வந்ததா, ஃப்ரீ கிக்கா, த்ரோவா, ஓடும் ஆட்டமா, அடித்தவனை யார் பிடித்திருக்க வேண்டும், மைதானம் ஈரமா காய்ந்ததா. நாம் அடித்த கோலுக்கும் இதே வரிதான். பெஞ்சில் உட்காரும் இரண்டாவது கோலியிடம் இந்த வேலையைக் கொடுப்பது நல்லது. அவன் எப்படியும் கோல் போஸ்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான், எழுத எழுத ஆட்டத்தைப் படிக்கவும் கற்றுக்கொள்வான். பி.டி. சாரிடம் கொடுக்காதீர்கள். பல கல்லூரிகளில் கபடி, வாலிபால், அத்லெடிக்ஸ், ஃபுட்பால் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். அதே மாதங்களில் அவர் நாலு டீமோடு அலைகிறார்.

ஆறேழு மேட்ச் கழித்து நோட்டை நிமிஷ வாரியாக அடுக்கிப் பாருங்கள். 90 நிமிஷ ஆட்டம் என்றால் 70க்கு மேல் எத்தனை கோல், அதற்கு முன் எத்தனை கோல் என்று பிரிக்க வேண்டும். கல்லூரிப் போட்டிகளில் 30-30, 35-35 என்று நேரத்தைக் குறைத்து வைப்பதும் உண்டு. அங்கே கடைசிக் கால்வாசி நேரத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் அந்தக் கடைசிப் பகுதியில் விழுந்திருந்தால் டீமுக்கு ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். டிஃபென்ஸை மாற்றிப் பயன் இல்லை. பாதிக்கு மேல் கார்னர், ஃப்ரீ கிக்கில் விழுந்திருந்தால் யார் எங்கே நிற்பது என்பது யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம், அதை இரண்டு வாரத்தில் சரிசெய்யலாம். முதல் 10 நிமிஷத்திலேயே விழுகிறதா? பஸ்ஸிலிருந்து இறங்கி வார்ம்-அப் இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள். நோட்டு இல்லாமல் பேசினால் மூன்றுக்கும் பழி கோலி மேல்தான் விழும்.

ஓட்டம் ஏன் போதாமல் போகிறது என்பதற்கு டெல்டாவுக்கே உரிய காரணங்கள் உண்டு. கோடை முடிந்து கல்லூரி திறந்து, முதலாம் ஆண்டு சேர்க்கை முடிந்து, டீம் தேர்வு நடந்து, பிராக்டிஸ் சூடு பிடிக்கும்போது அக்டோபர் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை இறங்கும். சம்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் வீட்டில் ஆள் வேண்டும், ஊருக்குப் போன பையன் இரண்டு நாள் வர மாட்டான். நவம்பரில் செமஸ்டர். அதே நவம்பரில் தஞ்சாவூரில் மாலை ஐந்தே முக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும். நாலரைக்கு மைதானத்துக்கு வந்தால் கையில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவன் அதற்கும் முன்னால் கிளம்பிவிடுவான். இந்த நேரத்தை இரண்டு டீமாகப் பிரிந்து ஆடியே கழித்துவிட்டால் ஓட்டம் ஒருநாளும் ஏறாது. நாலு பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் பந்துக்காகக் காத்து நிற்பார்கள்.

ஆகவே ஓட்டத்தை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஏற்றி வைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அதைக் காப்பாற்றினால் போதும். நார்வேயில் இளம் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வு ஒன்றின் முறை நம் வசதிக்குச் சரியாகப் பொருந்துகிறது: 4 நிமிஷம் வேக ஓட்டம், 3 நிமிஷம் மெல்லோட்டம், இப்படி நான்கு தடவை, வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். அதில் ஆட்டக்காரர்கள் மேட்சில் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது. மொத்தம் 25 நிமிஷ வேலைதான். வேகம் எவ்வளவு என்றால், ஓடும்போது இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும், முழு வாக்கியம் பேச முடியக் கூடாது. முதல் தடவையே முழு மூச்சில் ஓடி நாலாவதில் நடக்கிறவன் தப்பாக ஓடுகிறான். நாலு தடவையும் ஒரே தூரம் வர வேண்டும், அதற்கு ஒரு செங்கல்லை அடையாளம் வைத்துவிடுங்கள். மைதானம் சேறாகக் கிடக்கும் நாளில் வாய்க்கால் கரைச் சாலையில் சாதாரண ஓட்ட ஷூவோடு ஓடலாம். ஸ்டட்ஸோடு தார் ரோட்டில் ஓட விடாதீர்கள், கெண்டைக்காலும் முழங்காலும் வலி கண்டுவிடும். செப்டம்பர் கடைசியில் 12 நிமிஷ ஓட்டம் ஒன்று வைத்துப் பாருங்கள். 400 மீட்டர் டிராக்கில் மிட்ஃபீல்டில் ஆடுபவன் 7 சுற்று, அதாவது 2,800 மீட்டர், தாண்ட வேண்டும். ஆறு சுற்றோடு நிற்கிறவனை 90 நிமிஷம் ஆட விட்டுவிட்டு, 75ஆவது நிமிஷத்தில் அவன் ஆள் தப்பிப் போனதற்கு அவனைத் திட்டுவது நியாயம் இல்லை.

அடுத்தது மண். இதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யோசிக்கவே மாட்டார்கள். டெல்டாவின் ஒரே மூலைக்குள் மூன்று விதமான மைதானம் இருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் களிமண்ணும் வண்டலும். வல்லம் பக்கம் செம்மண்ணும் சரளையும். நாகை, வேதாரண்யம் பக்கம் மணல். களிமண் கோடையில் பாறை மாதிரி இறுகி வெடிப்பு விடும், மழையில் குழைந்துவிடும். சுற்றியுள்ள வயல்களில் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டியிருக்கும்போது மைதானத்துத் தண்ணீர் வடிய வழியே இருக்காது. மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் மேலே காய்ந்தது போலத் தெரியும், காலை வைத்தால் வழுக்கும். அந்த மண்ணில் ஆடிப் பழகிய டிஃபென்ஸ், பந்து தரையில் விழுந்ததும் நின்றுவிடும் என்ற நினைப்பிலேயே நிற்கும். செம்மண் மைதானத்துக்குப் போனால் அதே பந்து ஒரு தவ்வில் தலைக்கு மேல் போய்விடும். டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் பேக் பந்து தவ்வட்டும் என்று விட்டுக் கோல் வாங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

செய்ய வேண்டியது எளிது. வெளியூர் மேட்ச் என்றால் எந்த மண் என்று முந்தின வாரமே விசாரித்துவிட வேண்டும். கெட்டி மண் என்றால் டிஃபென்ஸ் முழுக்க ஒரே கட்டளை: உயரமாக வரும் பந்தைத் தரையில் விழ விடக் கூடாது. தலையாலோ காலாலோ முதல் தொடுதல் நம்முடையதாக இருக்க வேண்டும். அங்கே போனதும் வார்ம்-அப்பில் கோலி உதைக்கும் பந்தை 20 தடவை இதற்காகவே பேக்குகள் எடுக்க வேண்டும். சேறு என்றால் குறுக்கே கொடுக்கும் சின்ன பாஸ் வேண்டாம், நம் பாதியில் அது பாதி வழியிலேயே நின்று எதிராளி காலுக்குப் போகும். கோல் கிக்கைப் பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே நம் ஆளுக்குத் தட்டிவிடலாம் என்று 2019இல் விதி மாறியது. டிவியில் பார்த்துவிட்டு அதைக் களிமண் சேற்றில் செய்து பார்க்கும் அணிகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதிப்படி 5ஆம் நம்பர் பந்தின் எடை 410 முதல் 450 கிராம், காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. தையல் போட்ட பழைய பந்து மழைநீரைக் குடித்துவிடும், ஆட ஆடக் கனம் கூடும். மழைக்கால பிராக்டிஸுக்கு ரப்பர் மோல்டு பந்து மலிவு, தண்ணீர் குடிக்காது. ஆனால் மேட்ச் பந்தைத் தொடாமலே மேட்சுக்குப் போகக் கூடாது. வாரம் ஒரு நாளாவது மேட்ச் பந்தையே வாளித் தண்ணீரில் நனைத்து ஆட வேண்டும். காற்றடிக்கும் முன் ஊசியை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். ஷூவில் அப்பிய களிமண்ணை ஹாஃப் டைமில் குச்சியால் சுரண்டி எடுக்க ஒருவன் பொறுப்பு. சேறு அடைத்த ஸ்டட்ஸ் வழவழப்பான செருப்புக்குச் சமம். ஹாஸ்டலுக்கு வந்ததும் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் வாயைத் திறக்கும்.

இப்போது கார்னர். தோற்கிற அணிகள் கார்னர் என்றதும் பதினோரு பேரும் கோலுக்குள் ஓடிவந்து நிற்பார்கள். அடர்த்தியாக இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் கோலிக்கு வெளியே வர வழி அடைபட்டுப்போகும், தட்டிவிட்ட பந்து மறுபடி எதிராளிக்கே போகும். நிற்க வேண்டிய விதம் இது. கோலி கோல் கோட்டிலிருந்து ஓரடி முன்னால், நட்டநடுவில், உடம்பை மைதானத்தின் பக்கம் பாதி திருப்பி. பந்து வரும் பக்கத்துப் போஸ்ட்டில் ஒருவன். அதே பக்கம் 5.5 மீட்டர் சின்ன பாக்ஸின் மூலைக்கு வெளியே ஒருவன், தாழ்வாக வரும் பந்தெல்லாம் அவனுடையது. சின்ன பாக்ஸின் கோட்டில், முன், நடு, பின் என்று மூன்று பேர். உயரமானவனை நடுவில் வையுங்கள். இந்த மூவரும் ஆளைப் பார்க்கக் கூடாது, பந்தை மட்டும் பார்த்து முன்னோக்கித் தாவ வேண்டும். எதிரணியில் தலை போடத் தெரிந்த மூன்று பேரை மூன்று பேர் பிடிக்க வேண்டும். பிடிப்பது என்றால் ஜெர்ஸியை இழுப்பது அல்ல, அவனுக்கும் கோலுக்கும் நடுவில் நிற்பது, ஒரு கை அவன் உடம்பைத் தொட்டபடி. பெனால்டி ஏரியாவுக்கு வெளியே உள்ள டி வளைவின் அருகே ஒருவன். பத்தாவது ஆள் நடுக்கோட்டில். அவன் அங்கே நின்றால் எதிரணியில் இரண்டு பேராவது பின்னால் நிற்க வேண்டி வரும், நம் பாக்ஸில் கூட்டம் குறையும்.

அடுத்த நொடிதான் முக்கியம். பந்தை யார் தலையால் தட்டினாலும், கோலி "அவுட்" என்று கத்தியதும் எல்லோரும் பெனால்டி ஏரியா கோடு வரை ஒன்றாக ஓடி ஏற வேண்டும். ஏறாமல் போஸ்ட்டிலேயே ஒருவன் நின்றுவிட்டால் எதிராளி நாலு பேரும் ஆஃப்சைடு இல்லை, அங்கிருந்தே கோல் அடிக்கலாம். கல்லூரி மேட்சில் கார்னரில் விழும் கோலில் நிறைய, தட்டிவிட்ட பந்து திரும்பி வரும் இந்த இரண்டாவது பந்தில் விழுவதுதான். வாரம் இரண்டு நாள், பிராக்டிஸ் முடிவில், இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கார்னர் எடுத்துப் பழகினால் போதும். களைத்த காலோடு பழக வேண்டும் என்பதால்தான் முடிவில். த்ரோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. த்ரோவில் நேரடியாக ஆஃப்சைடு கிடையாது, அதை மறந்து கை தூக்கிக்கொண்டு நிற்கும் பேக்கை மட்டும் ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.

கோலிக்குத் தனிப் பயிற்சி கொடுக்கும் கல்லூரி அரிது. மற்றவர்கள் ஓடும்போது அவனும் ஓடுவான், பிறகு எல்லோரும் வரிசையில் நின்று அவன் மேல் அடிப்பார்கள். அது ஃபார்வர்டுக்கான பயிற்சி. ஈரப் பந்தில் கோலி செய்யும் தவறு கையை மட்டும் நீட்டுவது. தரையோடு வரும் பந்துக்கு ஒரு முழங்காலை மடக்கி, அந்த முழங்கால் மறு காலின் குதிகாலை ஒட்டி வருமாறு தாழ்ந்து, சுண்டுவிரல்கள் இரண்டும் சேர்ந்து தரையைத் தொட, பந்தை முன்கையில் ஏற்றி நெஞ்சோடு அணைக்க வேண்டும். கை வழுக்கினாலும் பின்னால் கால் இருக்கும். மார்புக்கு மேலே வேகமாக வரும் ஈரப் பந்தைப் பிடிக்கப் பார்க்காமல் இரண்டு முஷ்டியாலும் குத்தி, பக்கவாட்டில் டச் லைன் நோக்கி அனுப்ப வேண்டும். நேரே முன்னால் தட்டினால் அது எதிராளிக்குப் பாஸ். லேடெக்ஸ் கையுறை காய்ந்திருந்தால் மழையில் வழுக்கும், இறங்கும் முன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டால் பிடி வரும். தினம் 15 நிமிஷம், நனைத்த பந்தில், பத்து மீட்டரிலிருந்து இன்னொரு கோலி உருட்டிவிட 30 பந்து, எறிய 30 பந்து. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். இன்னொன்று: 2025 ஜூலை முதல் சர்வதேச விதியில் கோலி பந்தைக் கையில் 8 நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நடக்கும் போட்டியில் இது நடைமுறையில் உண்டா என்று டாஸின்போதே கேப்டன் ரெஃப்ரியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நாகையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காலை 9 மணி மேட்சுக்கு விடியற்காலை பஸ் ஏறி, வழியில் வடையும் டீயும் சாப்பிட்டு, இறங்கின கையோடு ஜெர்ஸி மாட்டினால் முதல் 10 நிமிஷக் கோலுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. முந்தின இரவே போய்த் தங்க முடிந்தால் அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் மேட்சுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, கொஞ்சம் சாம்பார், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னால் பூவன்பழம் ஒன்று. இரவு புரோட்டாவும் சால்னாவும் மேட்ச் முடிந்த பிறகு இருக்கட்டும். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கும் அளவு: ஒரு லிட்டருக்கு 6 தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் குமட்டும், கையளவில் போடாமல் ஸ்பூனால் அளந்து போடுங்கள். மழைக்காலம் என்றாலும் டெல்டாவின் புழுக்கத்தில் வியர்வை குறையாது, கடைசி 20 நிமிஷத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபா 11+ என்று ஒரு முறை இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிஷம், பந்து கூடத் தேவையில்லை. மெல்லோட்டம், பிறகு பிளாங்க், ஒற்றைக் கால் நிலை, தொடையின் பின்தசைக்கு நார்டிக் என்ற பயிற்சி, குதிப்பு, கடைசியில் வேக ஓட்டம். வாரம் இரண்டு தடவையாவது தவறாமல் செய்த அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்தது. தோற்கும் சீசனில் காயம் இரட்டை நஷ்டம், 16 பேர் டீமில் மூன்று பேர் கணுக்கால் பிசகி உட்கார்ந்தால் மாற்றாள் என்ற பேச்சே இல்லை. பிசகிய கணுக்கால்காரனை "வலி போயிருச்சு சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பி இறக்காதீர்கள். அந்த ஒற்றைக் காலில் பத்துத் தடவை வலியில்லாமல் குதிக்கட்டும், எட்டு வடிவத்தில் வேகமாக ஓடித் திரும்பட்டும், பிறகு ஆடட்டும்.

மைதானக் கோடு போட நீறாத சுண்ணாம்பு வேண்டாம். ஈரத்தில் விழுந்து சறுக்குகிறவன் தோலையும் கண்ணையும் அது பொசுக்கும். கோலமாவு போதும், மழையில் கரைந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எலிஜிபிலிட்டி ஃபார்ம், மதிப்பெண் பட்டியல் நகல், போட்டோ, ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம் எல்லாம் டீம் தேர்வான வாரத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஒரு கையெழுத்து இல்லாமல் நல்ல ஆட்டக்காரனை வெளியே உட்கார வைப்பது போன்ற வீண் தோல்வி வேறில்லை.

தோற்ற மேட்சைப் பற்றிய பேச்சை அன்று மாலை பஸ்ஸில் வைக்காதீர்கள். மறுநாள், பிராக்டிஸுக்கு முன், 15 நிமிஷம். நோட்டை எழுதுபவன் ஒவ்வொரு கோலையும் படிக்க வேண்டும், யார் பெயரும் சொல்லாமல், இடத்தைச் சொல்லி: "லெஃப்ட் பேக் இடம் காலி, கார்னர், இரண்டாவது பந்து." அந்த இடத்தில் நின்றவனுக்குத் தெரியும், அவனே பேசுவான். கேப்டன் ஒரே ஒரு திருத்தத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அன்றைய பிராக்டிஸில் அது மட்டும். ஐந்து திருத்தம் சொன்னால் ஐந்தும் நிற்காது. கோலியை மாற்றுவதாக இருந்தால் பிராக்டிஸில் மாற்றுங்கள். நாலு கோல் வாங்கிய மறுநாள் நோட்டீஸ் போர்டில் பெயரை நீக்கி மாற்றினால், அடுத்து வருகிற கோலியும் பயந்து கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பான்.

லீக் சுற்றில் வெளியேறுவது உறுதி என்று ஆனபிறகும் இரண்டு மேட்ச் பாக்கி இருந்தால் அவற்றை முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டுப் பையன்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறுதி ஆண்டு ஆட்டக்காரனுக்கு அது வருத்தம்தான். ஒரு பாதி அவனுக்கு, ஒரு பாதி இளையவனுக்கு என்று பிரிக்கலாம். ஆனால் அடுத்த ஜூலையில் ஸ்டாப்பராகவும் கோலியாகவும் நிற்கப் போகிறவன் இந்த ஆண்டே ஒரு முழு மேட்ச் ஆடியிருக்க வேண்டும். பொங்கல் கழிந்து அறுவடை முடிந்தால் பிப்ரவரியில் மண் காய்ந்துவிடும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. டெல்டாவில் ஃபுட்பால் ஆட வருஷத்திலேயே நல்ல ஆறு வாரம் அதுதான், அந்த நேரத்தில் பெரும்பாலான மைதானங்கள் சும்மா கிடக்கின்றன. பக்கத்துக் கல்லூரிகள் இரண்டை அழைத்து சனிக்கிழமை தோறும் ஒரு நட்பு மேட்ச் வையுங்கள். நோட்டைப் புதுப் பக்கத்தில் தொடங்கி, எழுதும் வேலையை அடுத்த ஆண்டு பெஞ்சில் உட்காரப் போகும் கோலியிடம் கொடுத்துவிடுங்கள்.